சேதாரம் குறைந்தால் லாபம் நிற்கும்

கொள்முதல் விலையைக் கிலோவுக்கு ஐம்பது பைசா குறைக்க மண்டியில் அரைமணி நேரம் பேரம் பேசுகிறோம். ஆனால் கடைக்கு வந்த சரக்கில் எவ்வளவு வீணானது என்பதை நம்மில் பலர் எழுதி வைப்பதில்லை. லாபம் கரைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 கிலோ தக்காளியைக் கிலோ 20 ரூபாய்க்கு வாங்கி 25 ரூபாய்க்கு விற்றால் 500 ரூபாய் மிஞ்சும். அதில் 12 கிலோ அழுகிவிட்டால் 88 கிலோவுக்கு 2,200 ரூபாய்தான் வரும். மிச்சம் 200 ரூபாய். சரக்கில் நூற்றுக்கு 12 போனால் லாபத்தில் நூற்றுக்கு 60 போய்விடுகிறது! கடை வாடகையும் கூலியும் இதற்கு மேல்.

இது மிகைக் கணக்கு அல்ல. லூதியானாவில் உள்ள மத்திய அரசின் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறுவடை முதல் விற்பனை வரை வீணாவது தக்காளியில் 12.44 சதவீதம், வெங்காயத்தில் 8.20 சதவீதம், பருப்பு வகைகளில் 6.36 முதல் 8.41 சதவீதம் வரை.

கடையில் செய்ய வேண்டியவை

தக்காளியை ஆழமான கூடையில் கொட்டினால் அடியில் உள்ளவை நசுங்கும். ஒன்றின் சாறு மற்றதையும் கெடுக்கும். ஆழம் குறைந்த பிளாஸ்டிக் பெட்டிகளே நல்லவை. வெங்காய மூட்டைகளைத் தார்ப்பாயால் இறுக மூடினால் வியர்த்து அழுகும், காற்றோட்டம் அவசியம்.

மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மீது, சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். பயறு வண்டின் முட்டை வயலிலிருந்தே ஒட்டி வரக்கூடும். உடைத்த பருப்பைவிட முழுப் பயறில் இதன் தொல்லை அதிகம். ஆகவே பாசிப்பயறு, தட்டைப்பயறு போன்றவற்றை அளவாக வாங்கி விரைவில் விற்பதே நல்லது. புதுச் சரக்கைப் பழைய சரக்கின் முன்னால் வைக்கக் கூடாது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும்.

வரி விஷயம்

பாக்கெட் சரக்குகளில் இன்னொரு நஷ்டமும் உண்டு. 2017-ஆம் ஆண்டு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவுப்படி, கெட்டு அழிக்கப்பட்ட சரக்குக்கும் இலவசமாகக் கொடுத்த சரக்குக்கும் உள்ளீட்டு வரி வரவு கிடையாது. சரக்கும் போய், கட்டிய வரியும் போகிறது. எனவே மாதம் ஒருமுறை காலாவதித் தேதிகளைப் பார்த்து, தேதி நெருங்கும் சரக்கை விலை குறைத்து விற்கலாம். அல்லது திருப்பி எடுக்குமாறு விநியோகஸ்தரிடம் முன்கூட்டியே பேசலாம்.

சங்கம் செய்யக் கூடியவை

லாரி வாடகை கட்டுப்படியாக வேண்டும் என்றே தேவைக்கு மேல் சரக்கு எடுக்கிறோம். ஒரே வீதியில் உள்ள நான்கைந்து கடைகள் சேர்ந்து ஒரு லோடு எடுத்துப் பிரித்துக்கொண்டால் எவர் கடையிலும் சரக்கு தேங்காது. திரும்பப் பயன்படும் பெட்டிகளைச் சங்கமே வாங்கி வாடகைக்குத் தரலாம்.

மிஞ்சும் நல்ல உணவை இல்லங்களுக்கு வழங்குவதற்கு 2019-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதிமுறைகள் வகுத்துள்ளது. வரி வரவு போனாலும் பசித்தவர் வயிறு நிறையும். காலாவதியானதை மட்டும் எவருக்கும் தரலாகாது.

வணிகப் பெருமக்கள் கல்லாப்பெட்டி அருகே ஒரு சேதார நோட்டு வைத்து, என்ன சரக்கு, எத்தனை கிலோ, என்ன காரணம் என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். அடுத்த கொள்முதலில் எதைக் குறைப்பது என்பதை அந்த நோட்டே சொல்லும்.