ஹைட்ரஜன் எங்கே நிற்கிறது?

"தில்லியில் முதன்மை அறிவியல் ஆலோசகர் என்று ஒருவர் இருக்கிறாரே, அவரால் எங்கள் தறிக்கு என்ன வந்தது?" என்று ஆரணியிலிருந்து ஒரு பட்டு நெசவாளர் கேட்கிறார். நியாயமான கேள்விதான். 2001 முதல் 2018 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் சென்னையில் பிறந்த இயற்பியலாளர் ஆர். சிதம்பரம். 2025 ஜனவரியில் காலமானார்.

பதவிகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1990இல் பாபா அணு ஆராய்ச்சி மைய இயக்குநர், 1993 முதல் 2000 வரை அணுசக்தி ஆணையத் தலைவர், இரண்டு பொக்ரான் சோதனைகளிலும் முக்கியப் பங்கு. 1998இல் ஹைட்ரஜன் குண்டு சொன்ன அளவுக்கு வெடித்ததா என்று 2009இல் பாதுகாப்புத் துறை விஞ்ஞானி கே. சந்தானம் சந்தேகம் கிளப்பினார், சிதம்பரம் ஏற்கவில்லை. சரிபார்க்க நம்மிடம் கருவி இல்லை. எனக்குப் பிடித்தது அவருடைய இன்னொரு ஹைட்ரஜன்.

நீர் மூலக்கூறின் இரு கைகளுக்கும் இடையே 104.5 பாகை. பனிக்கட்டியில் ஆக்சிஜன்கள் நிற்கும் அமைப்போ 109.5 பாகை கேட்கிறது. மூலக்கூறு கையை அகட்டிக்கொள்கிறதா? வேண்டாம், ஹைட்ரஜன் இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையிலான நேர்கோட்டை விட்டுச் சற்று விலகி நிற்கட்டும், பிணைப்பு வளையட்டும் என்று 1961இல் எழுதினார் சிதம்பரம். அப்போது வயது 25கூட ஆகவில்லை.

ஹைட்ரஜன் நிற்கும் இடத்தை எப்படிப் பார்ப்பது? எக்ஸ் கதிருக்கு எலெக்ட்ரான்தான் தெரியும். கார்பனுக்கு ஆறு, ஹைட்ரஜனுக்கு ஒன்றே ஒன்று. அதையும் பக்கத்து அணு தன் பக்கம் இழுத்துவைத்திருக்கும். தலைப்பாகையைப் பார்த்து ஆள் இருக்கும் இடத்தைக் குறிக்கிற கதை. நியூட்ரான் தலைப்பாகையைச் சட்டை செய்யாது, நேரே கருவில் மோதும். அங்கே கார்பனின் சிதறல் அளவு 6.65 என்றால் ஹைட்ரஜனுடையது 3.74, பாதிக்கும் மேல்! அதுவும் எதிர்க்குறியோடு. மற்ற அணுக்கள் மேடாகத் தெரியும் படத்தில் ஹைட்ரஜன் பள்ளமாகத் தெரியும். டிராம்பேயில் அணு உலை நியூட்ரான்களைக் கொண்டு சிதம்பரமும் குழுவினரும் அமினோ அமிலப் படிகங்களில் தேடியது இந்தப் பள்ளங்களைத்தான்.

இனி தறிக்கு வருவோம். பட்டு இழை என்பது கிளைசின், அலனின், செரின் என்ற அமினோ அமிலங்களின் நீண்ட சங்கிலி. சங்கிலிகள் பாவு, அவற்றைக் குறுக்கே பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஊடை. ஆனால் நாடா கிடையாது. ஒவ்வொரு ஊடையும் தனித்தனித் துண்டு. இப்படி நெய்து கொண்டுபோனால் ஆரணியில் எந்த முதலாளியும் கூலி தரமாட்டார். புழு நெய்தால் மட்டும் உறுதி! ஒரு பிணைப்பு பலவீனம்தான், ஆயிரக்கணக்கில் சேரும்போதுதான் பலம். தண்ணீரும் சூடும் பட்டால் சில விட்டு, வேறிடத்தில் பற்றும். ஈரம் தெளித்துத் தேய்த்தால் புடவையின் சுருக்கம் போவது அதனால்தான். "நானோ பட்டு" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பிவிடாதீர்கள். பட்டில் சங்கிலிகள் இப்படி அடுக்கி நிற்கும் படிகங்கள் எப்போதுமே நானோ அளவுதான். புழு அதற்குத் தனி விலை கேட்டதில்லை.

கேள்விக்கு நேரான பதில்: சிதம்பரம் ஆலோசகராக இருந்தபோது, கிராமத் தொழில்களின் சிக்கல்களை ஐஐடிகளிடம் கொண்டுசெல்ல 'ருடாக்' என்ற அமைப்பைத் தொடங்கினார். சென்னை ஐஐடியிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. தறியில் எது மாற வேண்டும் என்று அங்கே எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள்.