அச்சுக்கூடத்தை உடைத்தார், உயிரை இழந்தார்!

ஏழை விவசாயியின் மகன். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவர். 24-வது வயதில் ஒரு புதிய திருச்சபையைத் தொடங்கினார். 38-வது வயதில் கொல்லப்பட்டார்.

அவர்தான் ஜோசப் ஸ்மித். அமெரிக்காவில் "மார்மன்" இயக்கத்தைத் தோற்றுவித்தவர். "தீர்க்கதரிசி" என்று சிலர் அவரை வணங்கினார்கள். "மோசக்காரர்" என்று சிலர் தூற்றினார்கள்.

தங்கத் தகடுகள்

ஸ்மித் 1805-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தார். பிழைப்புத் தேடி அவரது குடும்பம் நியூயார்க் மாநிலத்துக்குக் குடியேறியது.

அங்கே ஒரு தேவதூதர் தமக்குக் காட்சி கொடுத்ததாக ஸ்மித் கூறினார். குன்றில் புதைந்திருந்த தங்கத் தகடுகளை அவர் காட்டினாராம். கடவுள் அருளால் அதில் இருந்த எழுத்துகளை மொழிபெயர்த்ததாகவும், பிறகு தகடுகளைத் தேவதூதரிடமே கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். தகடுகளைக் கண்டதாக 11 பேர் சாட்சி கூறினார்கள்.

அதுவே "மார்மன் புத்தகம்". 1830-ல் 5 ஆயிரம் பிரதிகள் அச்சாயின. மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி, தம் நிலத்தை அடகு வைத்து அச்சுக்கூலிக்குப் பொறுப்பு ஏற்றார்.

தார் பூசினார்கள்

ஆதரவு பெருகியது, எதிர்ப்பும் பெருகியது. 1832-ல் ஒகையோ மாநிலத்தில் ஒரு கும்பல் நள்ளிரவில் அவரை இழுத்துச் சென்று, உடம்பெல்லாம் தார் பூசி, இறகுகளை ஒட்டியது. மறுநாளே அவர் பிரசங்கம் செய்தார்!

1833-ல் மிசூரி மாநிலத்தில் மார்மன்களின் அச்சுக்கூடத்தை எதிரிகள் இடித்துத் தள்ளினார்கள். 1838-ல் அந்த மாநில கவர்னர், "மார்மன்களை ஒழிக்க வேண்டும், அல்லது விரட்ட வேண்டும்" என்று உத்தரவு போட்டார். மூன்றே நாளில் ஒரு குடியிருப்பில் 17 பேர் கொல்லப்பட்டார்கள்.

ஒரே ஒரு இதழ்

தப்பியவர்கள் இல்லினாய்ஸ் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், நாவூ என்ற நகரை உருவாக்கினார்கள். ஸ்மித்தான் மேயர். படைத் தலைவரும் அவரே. 1844-ல் ஜனாதிபதி தேர்தலுக்கும் நின்றார்.

ஆனால், மனைவி எம்மா இருக்கும்போதே, அவர் ரகசியமாகப் பல பெண்களை மணந்திருந்தார். வெளியே அதை மறுத்துவந்தார்.

அவரை விட்டுப் பிரிந்த சிலர் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். 1844 ஜூன் 7-ந் தேதி முதல் இதழ் வந்தது. பலதார மணத்தையும், எல்லா அதிகாரமும் ஒருவர் கையில் இருப்பதையும் அது கண்டித்தது.

இரண்டாவது இதழ் வரவே இல்லை. ஜூன் 10-ந் தேதி, மேயர் ஸ்மித்தின் உத்தரவுப்படி அந்த அச்சுக்கூடம் நொறுக்கப்பட்டது. தம் மக்களின் அச்சுக்கூடம் இடிக்கப்பட்டபோது கலங்கியவர், பிறர் அச்சுக்கூடத்தை உடைத்தார்!

எங்கும் கொந்தளிப்பு. ஸ்மித் சரண் அடைந்தார். பாதுகாப்பு தருவதாக கவர்னர் வாக்களித்தார். ஆனால் ஜூன் 27-ந் தேதி, முகத்தில் கரி பூசிய கும்பல் கார்த்தேஜ் நகர ஜெயிலுக்குள் புகுந்தது. முதலில் அவரது அண்ணன் ஹைரம் பலியானார். ஜன்னல் வழியாகத் தப்ப முயன்ற ஸ்மித்தும் குண்டு பாய்ந்து விழுந்து இறந்தார்.

கொலை வழக்கில் 5 பேர் மீது விசாரணை நடந்தது. 1845-ல் அனைவரும் விடுதலை ஆனார்கள்.

132 ஆண்டுகளுக்குப் பின்

அத்துடன் இயக்கம் அழியவில்லை. பிரிகாம் யங் தலைமையில் பெரும்பகுதியினர் மேற்கே நடந்து, 1847-ல் இன்றைய யூட்டா மாநிலத்தில் குடியேறினார்கள். 1890-ல் பலதார மணத்தைக் கைவிடுவதாக அந்தச் சபை அறிவித்தது. இன்று அதில் 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

மிசூரி கவர்னரின் கொடிய உத்தரவு 1976-ல்தான் ரத்தானது. ஸ்மித் இறந்து 132 ஆண்டுகளுக்குப் பிறகு!

எழுத்துக்கு எழுத்தால் பதில் சொல்லியிருந்தால், அந்த ஜூன் மாதம் வேறு விதமாக முடிந்திருக்கலாம். சம்மட்டியால் சொன்ன பதிலுக்குத் துப்பாக்கி மறுபதில் சொல்லிவிட்டது.