இருட்டறைக்கு வெளியே – 11: வானத்தில் ஓர் ஓட்டை

அமெரிக்க விவசாயப் பாதுகாப்பு நிர்வாகத்தின் நெகட்டிவ்கள் 1944-ல் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்ததோடு போன வாரம் நிறுத்தினேன். அதற்கு முந்தைய கதை வேண்டுமென்றால் பழைய இதழ் வீட்டில்தான் கிடக்கும், தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஸ்கேனர் பற்றி எழுதுவதாக வாக்கு. எழுதத்தான் உட்கார்ந்தேன். சும்மா ஒரு தடவை பார்ப்போமே என்று நூலகத்தின் இணையத் தொகுப்பைத் திறந்தது தப்பாகிப் போனது.

வயல், மேலே வானம். வானத்தில் கன்னங்கரேலென்று ஒரு வட்டம். வேறொரு படத்தில் அதே வட்டம் ஒரு விவசாயியின் முகத்தில். மூன்று இரவுகள் அதிலேயே போய்விட்டன.

எல்லாம் ராய் ஸ்ட்ரைக்கர் செய்த வேலை. 1930-களின் பெருமந்தக் காலத்தில் கிராமத்து வறுமையைப் படமெடுக்க அரசு அனுப்பிய போட்டோகிராபர்களுக்கு அவர்தான் தலைவர். வேண்டாம் என்று அவர் ஒதுக்கிய நெகட்டிவ்களில், பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் போடுவதுபோல் ஓர் ஓட்டை விழும். பென் ஷானும் ஆர்தர் ராத்ஸ்டைனும்கூடத் தப்பவில்லை. பிரிண்ட் போடும்போது ஓட்டை வழியே வெளிச்சம் தடையில்லாமல் பாயும்; அந்த இடம் மட்டும் கறுத்துவிடும். போட்டோகிராபர்கள் சண்டை பிடித்த பிறகுதான் ஓட்டை போடுவது நின்றது.

எங்கள் வீட்டு ஆல்பத்திலும் ஓர் ஓட்டை உண்டு. கல்யாண குரூப் போட்டோ ஒன்றில் யாரையோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அத்தையின் தோளில் ஒரு கை மட்டும் மிச்சம். யாருடைய கை என்று கேட்டால், "காபி ஆறுது, குடி" என்பார் அத்தை. வெட்டாமல் விட்டிருந்தால் அந்தப் போட்டோவை நான் இரண்டாம் முறை பார்த்திருக்கவே மாட்டேன்.

ஓட்டை விழுந்த படத்தையெல்லாம் அரசு மறைத்த ரகசியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே காட்சியை நாலு தடவை எடுத்ததில் கழிந்தவை நிறைய. ஆனால் பிரிண்ட் போடாத படம் வாசிப்பறையின் பீரோவுக்கு வராது. வராததை எந்த ஆய்வாளர் கேட்பார்? ஸ்கேனருக்கு ஸ்ட்ரைக்கரின் ருசி கிடையாது. 1,70,000-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களில் தேறியது, கழிந்தது என்று பாராமல் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்துவிட்டது.

இனிமேல்தான் விஷயமே. கழிந்த படங்களுக்கு யாரும் குறிப்பு எழுதி வைக்கவில்லை. எந்த ஊர், யார் முகம், ஒன்றும் கிடையாது. நூலகக்காரர்கள் கதை கட்டவில்லை. தொகுப்பில் பக்கத்தில் இருக்கும் படத்தின் தலைப்பை எடுத்து, முன்னால் ஒரு வரி சேர்த்தார்கள்: 'தலைப்பில்லாத படம், இதனோடு தொடர்புடையதாக இருக்கலாம்.' அந்த 'இருக்கலாம்' இருக்கிறதே, அதற்காக எழுந்து நின்று கும்பிடலாம். கறுப்பு வட்டத்தையும் அவர்கள் தொடவில்லை. இன்றைய மென்பொருளுக்கு அது இரண்டு நிமிட வேலை. அழித்திருந்தால் வானம் மட்டும் மிஞ்சும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னதற்குச் சாட்சி போய்விடும்.

ஆசிரியரிடமிருந்து இரண்டாவது முறையாகப் போன். ஸ்கேனர் அடுத்த வாரம், சத்தியமாக. இடமில்லை என்று இதில் எந்தப் பத்தியையாவது நீக்கினால், அந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டமாவது போடச் சொல்லியிருக்கிறேன்.