நெல்லுக்குள் ஒரு இழுபறி

அறுவடைக்கு நிற்கும் குறுவையில் மழை பிடித்துக்கொண்டால், சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிடும். டெல்டா விவசாயியின் வயிறு எரியும். ஆனால் சில ரகங்கள் நாள்கணக்கில் நனைந்தாலும் அசையாது. அறுத்த கையோடு விதைத்தால்கூட முளைக்காமல் சில வாரங்கள் அடம்பிடிக்கும். இதற்கு ‘விதை உறக்கம்’ என்று பெயர். மழை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்; முளைப்பதா வேண்டாமா என்ற வழக்கு நடப்பது விதைக்குள், இரண்டு ஹார்மோன்களுக்கு இடையில்.

விதை முற்றும்போது சேரும் அப்சிசிக் அமிலம் கருவை அடக்கி உறங்கவைக்கும். ஜிப்ரெலின் எழுப்பிவிடும். தனித்தனியே இவற்றின் அளவு பெரிதல்ல, எந்தக் கை ஓங்குகிறது என்பதே கணக்கு. தண்ணீரில் ஊற ஊற முன்னது சிதையும், பின்னது பெருகும்.

ஜிப்ரெலின் அகப்பட்டதே ஒரு நோயால்தான். ஜப்பானில் சில நெற்பயிர்கள் திடீரென நெட்டையாக வளர்ந்து, மணி பிடிக்காமல் சாயும். ‘பக்கானே’, அதாவது மூடப் பயிர் என்று விவசாயிகள் திட்டினார்கள். காரணம் ஒரு பூஞ்சை. அது கசியவிட்ட சாறு மட்டுமே பட்டாலும் நாற்று நெட்டையாகிறது என்று 1926இல் தைவானில் இருந்த குரோசாவா என்ற ஆய்வாளர் காட்டினார். 1935இல் யபுத்தா அந்தப் பொருளுக்கு ஜிப்ரெலின் என்று பெயரிட்டார்.

அரிசியின் ஒரு மூலையில் ஒட்டியிருக்கும் முனைதான் கரு. மற்றதெல்லாம் பெரும்பாலும் மாவு. கரு அனுப்பும் ஜிப்ரெலின், மாவைச் சுற்றிய மெல்லிய படலத்தை எட்டுகிறது. ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுமே, அந்தப் படலம்தான். அது உடனே அமைலேஸ் நொதியைச் சுரக்க, மாவு சர்க்கரையாகி முளைக்கு உணவாகிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவு லேசாக இனிப்பதும் இதனால்தான்.

முளை வந்த பிறகு அடுத்த சிக்கல்: இருட்டில் மண்ணை முட்டிக்கொண்டு மேலே வர வேண்டும். துணியில் கட்டிவைத்த பாசிப்பயறை எடுத்துப் பாருங்கள். வெளுத்த தண்டின் தலை, கொக்கிபோல் வளைந்திருக்கும். வளைவின் உட்புறத்தில் ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோன் கூடுதலாகத் தேங்குவதால் அந்தப் பக்கம் மெதுவாக வளர்கிறது. அதனால் வந்த வளைவு. நுனிக்குருத்து உரசாமல் தப்பிக்கிறது. மண் அழுத்தினால், எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் அதிகமாகும். தண்டு குட்டையாகித் தடிக்கும், கொக்கி இன்னும் இறுகும். ரஷ்யாவில் நெல்யூபோவ் என்ற ஆய்வாளர் 1901இல் இதைக் கண்டதும் தற்செயல்தான். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பட்டாணி நாற்றுகள் கோணிக்கொள்ள, விளக்குக்கு எரித்த வாயுவில் கலந்திருந்த எத்திலீனே குற்றவாளி என்று தெரியவந்தது. மலேசியச் சந்தையில் ‘தௌகே’ என்று விற்கும் முளைப்பயறு தளதளவென்று தடித்திருக்க, வளர்ப்பவர்கள் மேலே பாரம் ஏற்றுவது இந்த எத்திலீனை நம்பித்தான்.

வெளிச்சம் பட்டதும் ஆட்டம் மாறும். ஃபைட்டோகுரோம் என்ற நிறமி அதை உணர்ந்ததும் ஹார்மோன்களின் பிடி தளர்கிறது. பயறில் நாலை எடுத்து ஈரம் காயாமல் ஜன்னலோரம் வையுங்கள். கூனல் நிமிர்ந்து, மஞ்சள் இலை விரிந்து பச்சை பிடிக்க அதிக நேரம் ஆகாது.