வாடகை யந்திரங்களும் முன்னறிவிப்புத் தவணையும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் செம்மண் நிலங்களில் மானாவாரி நிலக்கடலை பெரும்பாலும் ஆடிப் பட்டத்தை ஒட்டியே விதைக்கப்படுகிறது. உழவு மழை பெய்தபின் மேல்மண்ணில் ஈரம் நிற்பது சில நாட்களே. ஆடிக் காற்று பலமாயிருப்பின் அதனினும் குறைவு. அதற்குள் உழுது விதைத்தாக வேண்டுமாதலால், ஊரார் அனைவருக்கும் ஒரே தினத்தில் டிராக்டர் தேவைப்படுகிறது.

தமிழ்நாடு அரசு 2018-ம் வருஷத்தில் வெளியிட்ட உழவன் செயலியின் மூலம், வேளாண்மைப் பொறியியல் இலாகாவின் யந்திரங்களைக் கைபேசியிலேயே வாடகைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். கிராமங்களில் குழுவாகச் சேர்ந்து யந்திர வாடகை மையம் நடத்துவோரும் இவ்வாறு பதிவு ஏற்க முற்படின், முதலில் நிர்ணயிக்க வேண்டியது முன்னறிவிப்புத் தவணையாகும். அதாவது, பதிவுக்கும் வேலை தொடங்குவதற்கும் இடையே குறைந்தபக்ஷம் எவ்வளவு காலம் இருத்தல் வேண்டும் என்பது.

தவணையே இல்லாவிடில், இரவு பத்து மணிக்கு ஒருவர் மறுநாள் காலை ஆறு மணிக்கென்று பதிவு செய்துவிடுவார். கைபேசி மறுப்புச் சொல்லாது. டிராக்டரோ வேறு ஊரில் சுழல் கலப்பையுடன் நிற்கும். அவருக்கு வேண்டியது ஐந்து கொழுக் கலப்பை. கலப்பையை மாற்றி, எண்ணெய் நிரப்பி, நாமகிரிப்பேட்டையிலிருந்து மோகனூர் வந்து சேர்வதற்குள் காலைப் பொழுது கழிந்துவிடும். விதைக்க வந்த கூலியாட்கள் வரப்பில் உட்கார்ந்திருப்பர்.

இதற்கஞ்சி மூன்று நாள் தவணை வைப்பதும் தவறே. யந்திரம் வருமுன் ஈரம் போய்விடும். அதுமட்டுமன்று, மழை வருமுன்னரே உத்தேசமாகப் பதிவு செய்து, பின்னர் ரத்து செய்யும் வழக்கம் பரவும். அதனால் மெய்யாகவே மழை பெற்ற நிலத்துக்கு யந்திரம் கிடைக்காது. நஷ்டம் பெரும்பாலும் சொந்த டிராக்டர் இல்லாத சிறு குடியானவரையே சேரும்.

ஆகவே, கலப்பை மாற்றும் நேரம், வழிப் பயணம், முந்தைய நிலத்தில் மிஞ்சிய வேலை ஆகிய மூன்றையும் கூட்டியே தவணையைக் கணக்கிடுதல் நலம். ஓர் ஒன்றியத்துக்குள் ஓடும் யந்திரத்துக்கு, மாலை ஐந்து மணிக்குள் பதிந்தால் மறுநாள் வேலை என்பது போதுமானது. வெறுமனே 24 மணி என்று விதிப்பதைவிட இதுவே தெளிவு. இரவில் ஓட்டுநர் உறங்குவார் என்பதைக் கடிகாரம் அறியாது. கோடை உழவு, மண் சமன்படுத்துதல் முதலிய அவசரமற்ற வேலைகளுக்கு ஒரு வாரம் விதித்தாலும் தோஷமில்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே தவணை பொருந்தாது என்பதற்கு நாமக்கல் பகுதியிலேயே சான்றுகள் உண்டு. கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும். ஆதலால் குஞ்சுகளுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது. பசுவுக்குக் கருவூட்டலோ இதற்கு நேர்மாறு. காலையில் சினைப் பருவ அறிகுறி கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது முறை. இதற்கு ஒரு முழுநாள் தவணை விதித்தால் பருவம் தப்பி, அடுத்த பருவத்துக்கு மீண்டும் ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க நேரும். அத்தனை நாளும் தீவனச் செலவு வேறு.

நிர்ணயித்த தவணையைப் பதிவு செய்யும் இடத்திலேயே குடியானவர் காணும்படி எழுதி வைப்பதும், ஆடி மாதத்தில் ஒரு டிராக்டரையேனும் முன்பதிவுக்கு விடாமல் மழை பெய்த கிராமத்துக்கென நிறுத்தி வைப்பதும் மையத்தாரின் பொறுப்பாகும்.