கிணற்றுப் பங்கும் காணி விலையும்

எமது கல்லூரியிற் கற்றவர் பலர் தோட்டஞ் செய்வோர் மக்கள். அவருள் ஒருவர் தம் தாயாரின் சீதன உறுதியைக் கொணர்ந்து, அதன் வாசகத்துக்குப் பொருள் கூறுமாறு எம்மை வேண்டினார். அச்சுவேலியில் 4 பரப்புச் செம்பாட்டு நிலம். நான்கு எல்லைகளும் குறைவற எழுதப்பட்டிருந்தன. கிணற்றைப் பற்றியோ வாய்க்காலைப் பற்றியோ ஒரு சொல்லேனும் இல்லை. வேலிக்கு அப்பால் அவருடைய தாய்மாமனுக்கு வந்த 4 பரப்பும் அதே மண், அதே பாட்டனாரின் முதுசம். ஆயின் அவ்வுறுதியிற் கிணற்றில் மூன்றிலொரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் கண்டிருந்தன. இரண்டிற்கும் கேட்கப்பட்ட விலை பெரிதும் வேறுபட்டமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. மாரி கழிந்தபின் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் கிணற்றையே நம்பி நிற்பன. 16 பரப்புக் கொண்ட ஓர் ஏக்கரை நால்வருக்கு நந்நான்காகப் பிரிக்கலாம். கிணற்றை அங்ஙனம் பிரித்தல் இயலுமா? ஆதலின் எம் முன்னோர் நீரை நாளாற் பங்கிட்டு, இறைப்பு முறை வகுத்தனர். பங்கு மாத்திரம் இருந்தாலும் போதாது. பிறர் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமையும், அந்நீரைப் பிறர் நிலத்தினூடாகக் கொண்டுசெல்லும் உரிமையும் உரோம டச்சுச் சட்டத்தில் வெவ்வேறானவை. 10 ஆண்டு தடையின்றி எதிருரிமையாக அனுபவித்தவர்க்கு 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் துணைநிற்கும். ஆனால் உறவின்முறையிற் கேட்டுப் பெற்ற நீர் எத்தனை ஆண்டு பாய்ந்தாலும் உரிமையாகாது. தமையன் கிணற்றில் இறைத்த தங்கைமார் எத்தனை பேர்! அவர்தம் மக்களே இன்று விலை குறைந்த காணிக்கு உடையவராய் நிற்கின்றனர்.

துலாக் காலத்தில் ஒருவர் முறையில் இறைக்கக்கூடிய நீருக்கு மிதிப்பவர் காலே வரம்பாயிருந்தது. இயந்திரம் அவ்வரம்பை நீக்கிவிட்டது. எமது சுண்ணக்கற் பாறையினுள்ளே நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றாற் கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது நிலநீர் நூலார் கணக்கு. மேலே 1 அடி குறையின் கீழிருந்து உவர் அத்துணை ஏறும். அயலிலுள்ள நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் அடிநீர் உவராகவும் இருத்தலை அறியாதார் இலர். ஆகவே காணி மதிப்பிடப் புகுவோர் உறுதியைப் படிப்பதோடு அமையாது, ஆவணி புரட்டாதியிற் கிணற்று நீரை வாயில் விட்டுப் பார்த்தலும் வேண்டும். உவர்த்த கிணற்றில் முழுப்பங்கிருந்தும் என்ன?

அவ்விளைஞர் புதுக்கிணறு வெட்ட எண்ணியிருந்தார். அதன்முன் மாமனைக் கண்டு பேசுமாறு கூறினோம். வாய்ச்சொல் போதாது, நொத்தாரிசு முன் எழுதவேண்டும் என்பதையும் வற்புறுத்தினோம். மாமன் தம் பங்கிற் பாதியை, அஃதாவது ஆறிலொரு பங்கை, எழுதிக் கொடுக்க உடன்பட்டுள்ளார். வாய்க்கால் எந்த வேலியோரமாகச் செல்வது என்பதிலேதான் இன்னும் பேச்சு நடக்கின்றது.