அட்டையில் விலை உண்டு. அடுக்கில் அரிசி இல்லை

சம்பளம் கைக்கு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், செபராங் பிறையிலும் தென் கெடாவிலும் உள்ள தோட்டங்களிலிருந்து நம்மவர்கள் குடும்பத்தோடு பினாங்குத் தீவுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறுவோர் சிலர். வேனில் பாலத்தைக் கடப்போர் சிலர். லிட்டல் இந்தியாவில் துணிமணியும் மளிகைச் சாமானும் பார்த்துவிட்டுக் கடைசியாகப் பேரங்காடிக்குள் நுழைகிறார்கள். அரிசி, எண்ணெய், சீனி ஆகிய மூன்றும் அங்கே மலிவு என்பது அவர்கள் எண்ணம்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவ்வாறு ஜார்ஜ் டவுனுக்கு வந்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி என்று விலை அட்டை தொங்கியது. அட்டையின் கீழே அடுக்கு காலியாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே இறக்குமதி அரிசி மூட்டை மூட்டையாகக் குவிந்திருந்தது. விலையோ அதிகம். இந்த நிலை பினாங்கில் மட்டுமன்றி நாடு முழுவதும் காணப்பட்டது.

“அரசாங்கம் விலையைக் கட்டுப்படுத்தியிருக்கிறது என்கிறீர்கள். அந்த விலையில் பொருள் கிடைக்கவில்லையே! பிறகு கட்டுப்பாடு எதற்கு?” என்று தோட்டங்களில் நம்மிடம் கேட்டவர்கள் பலர். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் பிறந்த வரலாறு

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மலாயாவில் அரிசிப் பஞ்சம் கடுமையாக இருந்தது. கள்ளச் சந்தை தலைவிரித்தாடியது. அந்தக் காலத்தில்தான், 1946ஆம் ஆண்டில், விலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. பின்னர் 1961ஆம் ஆண்டில் விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. முன்னது பொருளின் விலையைப் பற்றியது. பின்னது பொருள் மக்கள் கைக்குப் போய்ச் சேருவதைப் பற்றியது. 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2011ஆம் ஆண்டில் விலைக்கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் எடுத்துக்கொண்டது. அதனை மீறும் தனியாருக்கு 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நிறுவனமாயின் முதற் குற்றத்திற்கே அபராதம் 500,000 வெள்ளி வரை செல்லலாம்.

ஆகவே சட்டத்திற்குக் குறைவில்லை. ஆயினும் சட்டத்தால் விலையைத்தான் எழுத முடியும். வயலில் நெல்லை விளைவிக்கவோ மூட்டையைச் சுமந்து வந்து அடுக்கில் வைக்கவோ முடியாது. விலைக்கும் விநியோகத்திற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் அரிசி மறைந்து போயிற்று.

அரிசி மறைந்த கதை

நம் நாடு உண்ணும் அரிசியில் பெரும் பங்கு இங்கேயே விளைகிறது. எஞ்சியது வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2023ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியது. அரிசி இறக்குமதி உரிமை பெற்ற பெர்னாஸ் நிறுவனம், செப்டம்பர் முதல் நாளிலிருந்து இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக உயர்த்தியது.

இதனை மூட்டைக் கணக்கில் பார்ப்போம். 10 கிலோ இறக்குமதி அரிசி 23 வெள்ளி 50 காசாக இருந்தது, 32 வெள்ளியாயிற்று. அது கிடங்கு விலை. மொத்த வியாபாரியின் இலாபம், லாரிக் கூலி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் இன்னும் சேரவேண்டும். அவை சேருமுன்பே அது உள்நாட்டு அரிசியைவிட 6 வெள்ளி கூடிவிட்டது. உள்நாட்டு அரிசி விலை மட்டும் 26 வெள்ளியிலேயே நின்றது.

ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு பண்டங்களுக்கு இரண்டு விலை ஏற்பட்டால் என்ன நடக்கும்? முதலாவதாக, உணவுக்கடைக்காரர் முதல் வீட்டுக்காரர் வரை எல்லாரும் மலிவானதை நாடி ஓடுவர். ஒரு மூட்டை வாங்குபவர் மூன்று மூட்டை வாங்குவார். இரண்டாவதாக, நேர்மையற்ற வியாபாரிக்கு ஆசை பிறக்கும். உள்நாட்டு அரிசியை இறக்குமதி அரிசிப் பையில் கொட்டித் தைத்துவிட்டால் ஒரே இரவில் மூட்டைக்குப் பல வெள்ளி இலாபம். அரிசியைக் கண்ணால் பார்த்து எந்த நாட்டது என்று சொல்வது எளிதன்று. இதனால்தான் அமலாக்க அதிகாரிகள் ஆலைகளிலும் கிடங்குகளிலும் சோதனை நடத்த வேண்டியதாயிற்று.

மூன்றாவது காரணத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கெடாவின் மூடா நீர்ப்பாசன வயல்கள் பினாங்கிற்குச் சில மணி நேரப் பயணத் தொலைவில்தான் இருக்கின்றன. அங்கே விளையும் நெல்லின் குறைந்தபட்சக் கொள்முதல் விலை டன்னுக்கு 1,200 வெள்ளியாக இருந்தது. 2023இல் 1,300 ஆகவும், 2025இல் 1,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. விவசாயிக்கு அது தேவையான உயர்வே. ஆனால் ஒரு டன் நெல்லைக் குத்தினால் தோராயமாக 600 கிலோ அரிசி கிடைக்கும் என்று கொள்வோம். கிலோவுக்கு 2 வெள்ளி 60 காசு வீதம் அதன் சில்லறை விலை 1,560 வெள்ளிதான். நெல்லுக்கு 1,500 கொடுத்த பின் மிஞ்சும் 60 வெள்ளியில் ஆலைக் கூலி, பை, லாரி, கடை வாடகை அனைத்தும் அடங்க வேண்டும். தவிடு விற்ற பணத்தைச் சேர்த்தாலும் கணக்கு நெருக்கடியானதே. இத்தகைய பண்டத்தை விற்க எந்தக் கடையும் முந்திக்கொண்டு வராது.

இந்தியா 2024 செப்டம்பரில் தடையை நீக்கியது. அதன் பின் இறக்குமதி விலையும் இறங்கியது. எனினும் பாடம் பாடமே.

எண்ணெயும் முட்டையும்

அரிசிக்கு நேர்ந்தது எண்ணெய்க்கும் பொருந்தும். ஒரு கிலோ பொட்டல எண்ணெய் 2 வெள்ளி 50 காசு. அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து அவ்விலையைத் தாங்குகிறது. புட்டி எண்ணெய்க்கு அந்த உதவி இல்லை. பொட்டல எண்ணெய் வீட்டு அடுப்புக்கென்றே ஒதுக்கப்பட்டது. அது உணவுக்கடைக்கும் தொழிற்சாலைக்கும் எல்லைக்கு அப்பாலும் கசியும்போது, பேரங்காடி அடுக்கில் புட்டிகள் மட்டுமே நிற்கின்றன.

முட்டையின் கதை சற்று வேறு. 2022ஆம் ஆண்டில் உக்ரேன் போரினால் சோளம், சோயா ஆகிய கோழித் தீவன விலைகள் ஏறின. முட்டை விலையோ கட்டுப்பாட்டில் இருந்தது. நட்டத்திற்கு அஞ்சிய பண்ணைக்காரர்கள் கோழிகளைக் குறைத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் நம் நாடு தமிழ்நாட்டின் நாமக்கல்லிலிருந்து முட்டை தருவிக்க நேர்ந்தது! 2025 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து முட்டை விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

ரப்பர் விலை தோட்டத்தில் நிர்ணயிக்கப்படுவதில்லை என்பதை நம் தொழிலாளர்கள் நன்கு அறிவார்கள். எங்கோ நடக்கும் போர், யாரோ இடும் தடை, பால்மரத்தின் அடிவரை வந்து சேர்கிறது. அரிசியும் முட்டையும் அப்படித்தான்.

சுமை யார் தலையில்?

மலிவு அரிசி இல்லையென்றால் வசதியுள்ளவர் வேறு அரிசியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஐந்து பேர் கொண்ட தோட்டக் குடும்பம் ஒன்று மாதம் மூன்று மூட்டை வாங்குவதாகக் கொண்டால், மேலே கண்ட கணக்குப்படி 18 வெள்ளிக்குக் குறையாமல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இடைத்தரகர் இலாபம் அதற்கு மேல். பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணத்திலோ மருந்துச் செலவிலோதான் அந்தத் தொகை கை வைக்கும். வெறுங்கையோடு திரும்பித் தோட்டத்துக் கடையில் பற்றெழுதி வாங்குபவருக்கோ சுமை இன்னும் கூடும். ஆகவே அடுக்கு காலியாவதைச் சிறு தொல்லையென ஒதுக்கிவிட முடியாது.

தோட்டத்துக் கடையில் விலை கூடினால் தவுக்கேயிடம் நேருக்கு நேர் கேட்டுவிடலாம். பேரங்காடியில் கேட்பதற்கு முகம் இல்லை. கல்லாவில் அமர்ந்திருக்கும் பெண்ணைக் கோபித்துப் பயனில்லை. விலையை வைத்தவர் அவரல்லர். ஒருமுறை ஜார்ஜ் டவுனில் ஒரு பேரங்காடியில், அடுக்கில் கண்ட விலையைவிட ரசீதில் 1 வெள்ளி 20 காசு கூடுதலாக இருந்ததை நாமே வெளியே வந்த பிறகுதான் கவனித்தோம். திரும்பிச் சென்று ரசீதைக் காட்டியதும் பணத்தைத் தந்துவிட்டார்கள். நமக்கு முன் வாங்கிச் சென்றவர்களில் எத்தனை பேர் ரசீதைப் பார்த்தார்கள்?

நாம் செய்ய வேண்டியவை

பால் நிறுக்கும் இடத்தில் தராசிலிருந்து கண்ணை எடுக்காதவர்கள் நம் தொழிலாளர்கள். அந்தக் கண் கடையிலும் வேண்டும்.

முதலாவது, பொட்டலத்தின் விலையைப் பார்க்காமல் கிலோவின் விலையைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 850 கிராம் பொட்டலம் 7 வெள்ளி 65 காசு; ஒரு கிலோ பொட்டலம் 8 வெள்ளி 50 காசு. முன்னது மலிவாகத் தோன்றும். கணக்கிட்டால் அது கிலோ 9 வெள்ளி ஆகிறது.

இரண்டாவது, ரசீதைக் கல்லாவிலேயே சரிபாருங்கள், வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, முறையாகப் புகார் செய்யுங்கள். எண்ணெய், சீனி போன்ற கட்டுப்பாட்டுப் பொருளைக் கிடங்கில் வைத்துக்கொண்டு இல்லையென்பதும், வேறு பொருள் வாங்கினால்தான் இதைத் தருவேன் என்பதும் குற்றம். கடையின் பெயர், இடம், நாள், நேரம், பொருள், விலை ஆகிய ஆறையும் குறித்துக்கொண்டு, உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கிளை அலுவலகத்தில் தெரிவியுங்கள். “அங்கே எல்லாம் விலை அதிகம்” என்பது முறையீடாகாது. இந்த ஆறும் இருந்தால் அதிகாரி நடவடிக்கை எடுக்க வழி பிறக்கும்.

நான்காவது, வாங்கிய பொருள் பழுதென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த அம்மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை இழப்பீடு கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

ஐந்தாவது, தட்டுப்பாடு என்ற பேச்சு எழுந்தவுடன் வாங்கிக் குவிக்காதீர்கள். நாம் தேவைக்கு மேல் எடுக்கும் மூட்டை, நமக்குப் பின் வரும் மற்றொரு தோட்டக் குடும்பத்தின் மூட்டையே.

பினாங்கிற்கு இவ்வகையில் ஒரு பெருமை உண்டு. 1969ஆம் ஆண்டில் இங்கேதான் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவராகப் பல்லாண்டு தொண்டாற்றிய எஸ். எம். முகமது இத்ரீஸ் 2019இல் மறைந்தார். விலை, நிறை, தரம் பற்றிய எளிய மக்களின் முறையீடுகளைக் கேட்டுப் பதிவு செய்த அச்சங்கம், தமிழிலும் இதழ் வெளியிட்டு வந்துள்ளது. ஒருவர் முறையிட்டால் அது முணுமுணுப்பு. நூறு பேர் ரசீதோடு முறையிட்டால் அது சான்று. அதுவே அச்சங்கம் காட்டிய வழி.

விலை அட்டையை எழுதுவது அரசாங்கத்தின் கடமை. அடுக்கை நிரப்பி வைப்பது வியாபாரியின் கடமை. அட்டைக்குக் கீழே அடுக்கு காலியாக இருப்பதைக் கண்டவர் அதை வெளியில் சொல்வதும் ஒரு கடமையே. அடுத்த சம்பளத்திற்குப் பாலத்தைக் கடக்கும்போது, பணப்பையோடு ஒரு பென்சிலும் ஒரு துண்டுத் தாளும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும்.